தானாக ஓடும் மவுஸை நம்பி 1,860 பதிவுகள்

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவில், நான் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், லேமினேட், ரீலோட், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒப்படைகளுக்குப் பிரிண்ட், இவ்வளவுதான் தொழில். போன காலபோக நேரம், மழை விடாமல் பெய்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டிருந்த ஒரு கிழமையில், பக்கத்து ஊர்ச் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் அக்கா நனைந்த குடையோடு வந்து ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

"தம்பி, இதில 1,860 பேர். அறுவடைக்கு முதல் எல்லாத்தையும் சிஸ்டத்தில ஏத்த வேணும். ஒரு ஆளுக்கு 15 ரூபா தருவம்."

சிஸ்டம் என்று அவர் சொன்னது, எப்போதோ யாரோ சங்கத்துக்குச் செய்து கொடுத்த ஒரு பழைய விண்டோஸ் புரோகிராம். எக்செல் கோப்பை அப்படியே உள்ளே எடுக்கும் வசதி அதில் கிடையாது. ஒரு பெட்டியில் எழுதி என்டர் அடித்தால் அடுத்த பெட்டி, அதில் எழுதி என்டர் அடித்தால் அதற்கடுத்தது, இப்படி ஒருவருக்கு ஒன்பது பெட்டி: அங்கத்துவ இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், தகப்பன் அல்லது கணவன் பெயர், கிராமம், தொலைபேசி, பங்குப் பணம், சேர்ந்த திகதி, நிலை. பத்துப் பேரைக் கையால் அடித்துப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் 62 மணித்தியாலம், அதுவும் கடைக்கு ஆள் வராமல் இருந்தால். எங்கள் கடைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆள் வரும்.

பைதான் என்ற புரோகிராம் எழுதுகிற மொழி எனக்குக் கொஞ்சம் தெரியும். யூடியூப்பில் பார்த்துப் பழகியது, படங்களின் பெயர் மாற்றுவதற்கும் பில் கூட்டுவதற்கும் பாவிக்கிற அளவுக்குத்தான். அதில் பைஆட்டோஜியுஐ என்று ஒரு நூலகம், அதாவது எடுத்துப் பாவிக்க ஆயத்தமாக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, இருக்கிறது, ஆல் ஸ்வைகார்ட் என்பவர் எழுதியது, இலவசம். அது செய்கிற வேலை மிக எளிது. திரையின் மேல் இடது மூலை பூச்சியம், பூச்சியம். அங்கிருந்து வலப்பக்கம் இத்தனை புள்ளி, கீழே இத்தனை புள்ளி என்று சொன்னால் மவுஸ் அங்கே போகும், கிளிக் பண்ணும். ரைட் என்று சொன்னால் எழுத்தை அடிக்கும், பிரஸ் என்று சொன்னால் ஒரு விசையை அமத்தும். புரோகிராமுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு ஒன்றும் தெரியாது, நாம் கதிரையில் இருந்து செய்கிற அதே வேலையை வெளியில் இருந்து செய்யும், அவ்வளவுதான். எக்செல்லை வாசிக்க ஓப்பன்பைஎக்செல் என்று இன்னொரு நூலகம். இரண்டையும் சேர்த்து முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

சங்கத்தின் புரோகிராமை முதலில் என் கடைக் கணினியில் போட்டுத்தான் சோதித்தேன், சங்கத்தில் கேட்டுவிட்டுத்தான். முதல் ஓட்டத்தில் மவுஸ் தானாக நகர்ந்து பெட்டியில் போய் நிற்க, என் மருமகன் கை தட்டினான். அங்கத்துவ இலக்கம் விழுந்தது. பெயர்ப் பெட்டியில் ஒன்றும் விழவில்லை. வெறும் பெட்டி. பிழைச் செய்தியும் இல்லை.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிற எவரும் முதலில் வந்து முட்டுகிற இடம் இதுதான். அந்த ரைட் கட்டளைக்கு விசைப்பலகையில் இருக்கிற ஆங்கில எழுத்தும் இலக்கமும் குறியீடும்தான் தெரியும். யுனிகோட் தமிழ் எழுத்தை, அதாவது போனிலும் இணையத்திலும் வருகிற வழக்கமான தமிழைக், கொடுத்தால் அப்படி ஒரு விசை இல்லையே என்று சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். வழக்கமான வழி, பைபெர்கிளிப் என்ற இன்னொரு சின்ன நூலகத்தால் தமிழைக் கிளிப்போர்டில் கொப்பி பண்ணிவிட்டு கன்ட்ரோல் வீ அடிப்பது. வேர்டிலோ பிரவுசரிலோ இது வடிவாக வேலை செய்யும். சங்கத்துப் புரோகிராமில் வரிசையாகக் கேள்விக்குறிதான் விழுந்தது.

அரை நாள் அதோடு மாரடித்துவிட்டு, சங்கத்தில் அக்கா எப்படி அடிக்கிறார் என்று நேரில் போய்ப் பார்த்தேன். அவர் இங்கிலீஷ் கீபோர்ட்டில் சாதாரணமாக அடித்துக்கொண்டு போகிறார், திரையில் தமிழ் வருகிறது. பாமினி! யுனிகோடே தெரியாத புரோகிராம், பெட்டிக்குப் பாமினி எழுத்துருவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'தமிழ்' என்று வர வேண்டுமென்றால் ஜே, கே, பி, ஓ அடித்து ஒரு அரைப்புள்ளி வைக்க வேண்டும். கணினிக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்து, பார்க்கிற கண்ணுக்குத்தான் தமிழ். எத்தனையோ தரம் பாமினியைத் திட்டியிருக்கிறேன், ஒரு ஃபைலை இன்னொரு கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும் என்று. அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது. ரைட் கட்டளைக்குத் தேவையானதே இங்கிலீஷ் எழுத்துகள்தானே.

அப்புறம் யுனிகோடைப் பாமினிக்கு மாற்ற ஒரு அட்டவணை எழுதினேன். இதில் ஒரு சூட்சுமம். யுனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில், கொம்பு முதலில். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் அரவு (ா), நடுவில் க. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பிழைக்கும்; பெரிய சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் தனி எழுத்துகளுக்கு வர வேண்டும்.

எல்லாம் சரியாக வந்து இருபது பேர் ஏறினார்கள். மறுநாள் காலை திரும்ப ஓட்டினால் உமா என்ற பெயர் 'ஊமுர்' என்று நிற்கிறது. பத்து நிமிடம் அட்டவணையைத் தேடினேன், பிழை இல்லை. மருமகன்தான் கீபோர்ட்டில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கைக் காட்டினான். கப்ஸ் லொக். பாமினியில் சின்ன எழுத்து உ என்றால் அதே விசையின் பெரிய எழுத்து ஊ. ம இருக்கும் விசையில் மு. அரவு இருக்கும் விசையில் ர். இங்கிலீஷில் இந்தப் பிழை நடந்தால் பெயர் பெரிய எழுத்தில் விழும், வாசித்தாவது விடலாம். பாமினியில் ஆளே மாறிவிடுவார். ஓட்டத் தொடங்க முதல் கப்ஸ் லொக் அணைந்திருக்கிறதா, கீபோர்ட் மொழி இங்கிலீஷில் இருக்கிறதா, தமிழ் தட்டச்சு மென்பொருள் ஏதும் பின்னால் ஓடுகிறதா என்று மூன்றையும் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கம்.

அடுத்தது அடையாள அட்டை. இந்தப் பெட்டியை அந்தப் புரோகிராம் எழுதினவர் பழைய அட்டையை நினைத்துச் செய்திருக்கிறார்: ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வீ அல்லது எக்ஸ், மொத்தம் பத்து எழுத்து. பத்தாவது எழுத்து விழுந்ததும் பெட்டி தானாகவே அடுத்ததுக்குத் தாவும், கையால் அடிப்பவருக்கு ஒரு என்டர் மிச்சம். என்னுடைய ஸ்கிரிப்ட் அது தெரியாமல் தன் பங்குக்கும் ஒரு என்டர் அடித்தது, அதனால் தகப்பன் பெயர் போய்க் கிராமத்தில் விழ, கிராமம் தொலைபேசியில் விழ, அங்கிருந்து எல்லாம் ஒரு பெட்டி தள்ளி. அது ஒரு வகை. 2016இலிருந்து கொடுக்கிற புது அட்டையில் 12 இலக்கம். அந்த என்டரை எடுத்துவிட்டாலும், பத்து இலக்கத்தோடு பெட்டி தாவிவிட, மிச்ச இரண்டு இலக்கமும் தகப்பன் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது.

"அதுக்கு நாங்கள் முதல் பத்தையும் இதில போட்டுட்டு, மிச்ச ரெண்டையும் கிராமத்துக்குப் பின்னால அடைப்புக்குறிக்குள்ள போடுறனாங்கள்" என்றார் அக்கா, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல. எந்தக் கொப்பியிலும் எழுதி வைக்காத விஷயம். இப்படி இன்னும் நாலைந்து இருந்தன. நான் செய்த பெரிய பிழை, ஸ்கிரிப்டை எழுதிவிட்டு அவரிடம் போனது. முதலில் ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவர் ஒவ்வொரு என்டரையும் எங்கே அடிக்கிறார், எங்கே அடிக்காமல் விடுகிறார், எங்கே நின்று யோசிக்கிறார் என்று பார்த்து எழுதியிருந்தால் மூன்று நாள் மிச்சம்.

எக்செல் செய்கிற கூத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் இருக்கிற பூச்சியத்தைத் தின்றுவிடும், ஸ்கிரிப்டில் திரும்பச் சேர்க்க வேண்டும். திகதியை வாசித்தால் கூடவே நள்ளிரவு நேரமும் ஒட்டிக்கொண்டு வரும், நாள் மாதம் வருடம் என்று வெட்டித்தான் கொடுக்க வேண்டும். 12 இலக்க அடையாள அட்டையைச் சாதாரண செல்லில் எண்ணாக அடித்தால் ஒன்று தசம் ஏதோ, பக்கத்தில் ஒரு ஈ என்று காட்டும். பயப்படத் தேவையில்லை, உள்ளே இலக்கம் முழுதாக இருக்கிறது. ஆனால் அதே நிலையில் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிகிற அந்தக் குறுக்கம்தான் கோப்பில் போகும், மிச்ச இலக்கம் போனது போனதுதான். ஆகவே அக்கா தந்த மூலக் கோப்பைத் தொடவேயில்லை, கொப்பி எடுத்துத்தான் வேலை.

இனி வெட்கக்கேடான பகுதி.

கடையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்ட் முதல் பெட்டியில் ஒரு தரம் கிளிக் பண்ணும், பிறகு எல்லாம் என்டர், என்டர், என்டர்தான். ஒரு பிள்ளை வந்து, "அண்ணா, வாட்ஸ்அப்பில பிடிஎஃப் அனுப்பினான், பிரிண்ட் எடுத்துத் தாங்கோ" என்று கேட்க, மருமகன் வழக்கம் போல மவுஸைப் பிடித்து வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டான். நான் வெளியில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கிரிப்டுக்கு ஜன்னல் மாறினது தெரியுமா? எது முன்னால் நிற்கிறதோ அதில் அடித்துக்கொண்டே போனது. முன்னால் நின்றது, எங்களிடம் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் சாட். அங்கே என்டர் என்றால் அனுப்பு என்று அர்த்தம். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மெசேஜ்.

போன் அடித்தது. "தம்பி, உன்ர போனை ஆரும் களவெடுத்திட்டாங்களோ? இங்கிலீசில என்னவோ பேய்க்கதையெல்லாம் வருது."

பாமினியால் பெயர் அவருக்கு விளங்கவில்லை, நல்ல காலம். ஆனால் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் அப்படியே போயிருக்கின்றன, இரண்டு பேருடைய விவரம், 18 மெசேஜ். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் அழித்தேன், வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டேன், அக்காவிடமும் போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்தான், அவருக்குத் தெரிய வந்திருக்காது. அடுத்தவனின் அடையாள அட்டை இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி இருக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து சோதனைக்குப் பொய்ப் பெயர், பொய் இலக்கம்தான்.

மவுஸைத் திரையின் மேல் இடது மூலைக்குத் தள்ளினால் இந்த நூலகம் அடுத்த கட்டளையோடு பிழை என்று நின்றுவிடும். அதை அணைத்து வைக்கவும் முடியும், இணையத்தில் சிலர் அணைக்கச் சொல்லியும் தருகிறார்கள். தயவு செய்து வேண்டாம். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு 0.1 செக்கன் தானாக நிற்கும், அந்த இடைவெளியில்தான் நீங்கள் மவுஸைப் பிடித்து இழுக்க முடியும். நான் அதை 0.4 ஆக்கினேன், பழைய புரோகிராமுக்கும் அந்த மெதுவான வேகம்தான் ஒத்து வந்தது. மருமகனுக்கும் மூலைக்குத் தள்ளுவதைப் பத்துத் தரம் பழக்கினேன். பதற்றத்தில் எல்லாரும் முதலில் எஸ்கேப் விசையைத்தான் அடிக்கிறார்கள், அதற்கு ஒன்றும் நிற்காது.

ஆனால் மூலைக்குத் தள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் இப்போது முன்னுக்கு நிற்கிற ஜன்னலின் தலைப்பு என்ன என்று கேட்டு, அது சங்கப் புரோகிராமின் தலைப்பு இல்லையென்றால் உடனே நிற்கும்படி எழுதினேன். விண்டோஸில் இதற்கு ஒரே வரி. இந்த முழு வேலையிலும் நான் எழுதின மிகப் பெறுமதியான வரி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

படத்தைப் பார்த்துத் தேடுகிற வழியும் இருக்கிறது. ஒரு பட்டனை வெட்டி எடுத்துக் கொடுத்தால் திரையில் அது எங்கே என்று தேடித் தரும். முதலில் அதைத்தான் நம்பினேன். தேடலுக்கு ஒரு செக்கனோ இரண்டோ போகிறது, 1,860 பேருக்கு அது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். படம் கிடைக்காவிட்டால் வெறுமை திரும்பும் என்று நான் பார்த்த பழைய பாடத்தில் சொல்லியிருந்தது. புதிய பதிப்பில் அப்படியில்லை, படம் கிடைக்கவில்லை என்ற பிழையை எறிந்து ஸ்கிரிப்டையே நிறுத்திவிடும். அதைப் பிடிக்கத் தனியாக எழுத வேண்டும். கொஞ்சம் வித்தியாசமான படத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டுமென்றால் ஓப்பன்சிவி என்ற இன்னொரு நூலகம் வேறு வேண்டும், டொங்கிளில் அதை இறக்குவதற்குள் டேட்டா போய்விடும். கடைசியில் படத் தேடலை முழுதாக எடுத்துவிட்டேன். பதிவு முடிந்ததா என்று பார்க்க, சேமிக்கும்போது சாம்பலாகிப் பிறகு நிறம் திரும்புகிற பட்டனின் ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக் காத்திருக்கச் சொன்னேன். இரண்டு செக்கன் தூங்கு, மூன்று செக்கன் தூங்கு என்று குத்துமதிப்பாக விடுவதை விட இது எவ்வளவோ மேல்.

உண்மையான ஓட்டம் சங்கத்தில், ஒரு சனிக்கிழமை. போன உடனேயே இரண்டு சிக்கல். கிளிக் எல்லாம் வேறு இடத்தில் விழுந்தது, ஏனென்றால் என் திரை 1920க்கு 1080, அதுவும் 125 சதவீதம் பெருப்பித்தது, அங்கே 1366க்கு 768. அதைத் திருத்தினால் கிளிக் சரியான இடத்தில் விழுகிறது, ஒன்றும் நடக்கவில்லை. சங்கக் கணினியில் அந்தப் புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடியது. சாதாரண உரிமையோடு ஓடுகிற ஸ்கிரிப்ட் அதைத் தொட விண்டோஸ் விடாது. ஸ்கிரிப்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த பிறகுதான் அசைந்தது.

412ஆவது ஆளில் கரண்ட் போனது.

எந்த வரி வரை ஏறியது என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும்படி செய்திருந்தேன், அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை. கரண்ட் வந்து திறந்து பார்த்தால் கோப்பு 397உடன் நிற்கிறது. பைதான் ஒவ்வொரு வரியையும் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை, சேர்த்து வைத்துத்தான் எழுதும். சேர்த்து வைத்திருந்தது கரண்டோடு போய்விட்டது. அது விளங்காமல் 398இலிருந்து தொடங்கினேன். அந்த ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், புரோகிராம் "இந்த இலக்கம் ஏற்கெனவே உண்டு" என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்ட, ஜன்னல் தலைப்பு மாறிவிட்டது, ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. வாட்ஸ்அப்புக்காக எழுதின அந்த ஒரு வரி. அது இல்லையென்றால் பெயர் போய் இலக்கப் பெட்டியில் விழுந்து பிறகு என்ன ஆகியிருக்குமோ. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் தொடங்கும்போது ஒரு வரி, முடியும்போது ஒரு வரி, இரண்டையும் அந்தந்த நேரமே டிஸ்க்கில் எழுதச் செய்தேன். தொடங்கியது இருந்து முடிந்தது இல்லாத ஆளை மட்டும் கையால் பார்த்தால் போதும்.

அதன் பிறகு ஆளுக்கு 14 செக்கன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து ஓட்டம் மட்டும் ஏழு மணித்தியாலம் சொச்சம். அக்கா பக்கத்தில் இருந்து, ஐம்பதுக்கு ஒன்றாக எடுத்துக் கொப்பியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, இது எங்களை விட நிதானமா அடிக்குது" என்றார் ஒரு தரம்.

ஒன்பதாவது பெட்டி மிச்சம் இருக்கிறது. நிலை. உயிருடன், இறந்தவர் என்று இரண்டே தெரிவு, வெறுமையாக விட்டால் புரோகிராம் சேமிக்காது. சங்கத்தின் பழைய கொப்பிகள் 2009 யுத்தத்தில் போனவை. மீள்குடியேறி வந்த பிறகு சனத்தின் ஞாபகத்திலிருந்தும் கையில் மிஞ்சின துண்டுகளிலிருந்தும் திரும்ப எழுதின பட்டியல் இது. அதில் 37 பேருக்கு நிலை வெறுமையாக இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதும்போது எக்செல்லில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்து, வெறுமை என்றால் 'இறந்தவர்' என்று போடு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பங்குப் பணத்தில் வருடக் கணக்காக அசைவில்லை, அப்படித்தானே இருக்கும் என்று.

ஓட்டத் தொடங்க முதல் அந்த வரியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது விடுபட்டதில்லை தம்பி. அவையின்ர வீட்டில கேட்டு, அவை சொல்லாதபடியால்தான் நான் போடேல்லை."

அந்த வீடுகளில் சிலதின் அம்மாக்களை எனக்கும் தெரியும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடித் தொடங்கின போராட்டக் கொட்டகையில் படத்தோடு இருந்தவர்கள், பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதியைக் கடையில் எத்தனையோ தரம் போட்டோக்கொப்பி எடுத்தவர்கள்.

அந்த வரியை அழித்தேன். நிலை வெறுமையாக இருந்தால் தொடாமல் தாண்டு, பெயரை வேறொரு பட்டியலில் எழுது என்று மாற்றினேன். ஞாயிறு பின்னேரம் அந்த 37 பெயரையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டுவிட்டுத் தானே கையால் அடிக்கிறேன், அறுவடைக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

காசு தரும்போது 1,860க்குக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். நான் பில்லில் 1,823 என்று எழுதி, 27,345 ரூபாவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.